கைப்பேசிக்கு 'ரூட்' அதிகாரம் வேண்டுமா?



கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடல்மேல் செல்லும் நம் மீனவச் சகோதரர் பலர், இன்று காற்றையும் அலையையும் கைப்பேசியில் பார்த்த பின்னரே படகைத் தள்ளுகின்றனர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃபிரண்ட்' செயலி இதற்கென்றே உருவானது. மீன்பாடுள்ள இடங்களின் ஜி.பி.எஸ். குறிகளைக் கைப்பேசியிலேயே வைத்திருப்போரும் உளர்.

அது மந்தமானால் 'ரூட்' செய்யும்படி இளைஞர் சிலர் யோசனை கூறுகின்றனர். ஆண்ட்ராய்டு, லினக்ஸின்மேல் எழுப்பப்பட்டது. அங்கே எதையும் மாற்றவும் அழிக்கவும் வல்ல அதிகாரத்திற்கு 'ரூட்' என்று பெயர். தயாரிப்பாளர் அதை நமக்குத் தருவதில்லை. பெரும்பாலும், கருவியை எழுப்பும் 'பூட்லோடர்' என்னும் பூட்டைத் திறந்தே அதைப் பெற வேண்டும். திறந்த மாத்திரத்தில் உள்ளிருப்பவை யாவும் அழியும். இது பழுதன்று, திருடன் கையில் நம் படங்களும் கடிதங்களும் சிக்காதிருக்கச் செய்த ஏற்பாடு. மேலும், ரூட் செய்த கைப்பேசியில் வங்கிச் செயலிகள் பல இயங்க மறுக்கும். மீன் விற்ற பணம் அதன் வழியே வருமாயின் என் செய்வது? வேகக் குறைவு ஒன்றுக்காக இத்துணை துணிவு வேண்டாம் என்பதே என் கருத்து.

துணிந்தவர் முதலில் நகல் எடுக்கட்டும். தொலைபேசி எண்களைக் கூகுள் கணக்கிலும், படங்களைக் கணினியிலும் சேர்க்கலாம். வாட்ஸப் செய்திகளுக்குத் தனி நகல் வேண்டும். கைப்பேசிக்குள்ளேயே கிடக்கும் மெமரி கார்டு போதாது. கடலில் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். கடற்குறிகளை நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள் (மின்சாரம் வேண்டாத நகல் அது ஒன்றே!). பின்னர்ச் சில படங்களைக் கணினியில் திறந்து, நகல் சரியாக உள்ளதா எனப் பாருங்கள்.

வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பழைய கைப்பேசி இருந்தால், அதில் முதலில் பயின்று பார்க்கலாம். வங்கிக் கணக்கு மட்டும் அதில் இருக்கலாகாது.