பறிமுதல் மட்டும் போதுமா?

"மகனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால், விஷயம் காவல் துறைக்குப் போய்விடுமா ஐயா?" என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. கல்லூரியில் படிக்கும் மகன் மெத்தாம்பெட்டமைனுக்கு அடிமையானதை அறிந்தும், வழக்குக்கு அஞ்சி அவர் பல மாதங்களாக எந்த மருத்துவரையும் அணுகவில்லை. போதைப்பொருள் பறிமுதல் செய்திகளை நாள்தோறும் படிக்கும் நாம், இந்த அச்சத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

'ஐஸ்', 'கிரிஸ்டல்' எனப் பலவாறு அழைக்கப்படும் மெத்தாம்பெட்டமைன், 1893-இல் ஜப்பானில் எஃபெட்ரினிலிருந்து முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. கொகெய்னின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். இதற்கோ சுமார் 10 மணி நேரம் ஆகும். மூளையில் டோபமைன் அளவுக்கு மீறிப் பெருகுவதால் உறக்கமும் பசியும் அற்றுப்போகின்றன. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் உயர்கின்றன, பக்கவாதம்கூட நேரலாம். தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் காரணமற்ற சந்தேகமும், இல்லாத குரல்கள் கேட்கும் மனச்சிதைவும் தோன்றுகின்றன. போதை இறங்கியதும் கவியும் சோர்வும் துயரமும் அவர்களை மீண்டும் அதனிடமே துரத்துகின்றன. கேளிக்கையாகத் தொடங்கியது இவ்வாறுதான் அடிமைத்தனமாகிறது.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலானோரில் 0.18 சதவீதத்தினர் ஆம்பெட்டமைன் வகை ஊக்கிகளைப் பயன்படுத்தினர். விகிதம் சிறிது, ஆனால் இந்தியாவில் அது ஏறத்தாழ 20 லட்சம் பேர்.

வரத்தை அடைத்தால் தீர்ந்துவிடாதா? இதற்கு அமெரிக்க அனுபவம் ஒன்று விடை தருகிறது. 1995-இல் அந்நாட்டு அரசு மெத்தாம்பெட்டமைனுக்கான மூலப்பொருள் விநியோகத்தை முடக்கியது. பொருளாதார அறிஞர்கள் டாப்கின், நிகோசியா ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, போதைப்பொருளின் விலை மும்மடங்கானது. தூய்மை 90 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகச் சரிந்தது. அது தொடர்பான மருத்துவமனைச் சேர்க்கை பாதியாகக் குறைந்தது. ஆனால், நான்கே மாதங்களில் விலை பழைய நிலைக்குத் திரும்பியது. 18 மாதங்களுக்குள் மருத்துவமனைச் சேர்க்கையும் ஏறத்தாழப் பழைய அளவை எட்டியது.

இதிலிருந்து பறிமுதல் பயனற்றது என்று நான் முடிவு கட்டவில்லை. அது அவகாசத்தைப் பெற்றுத் தருகிறது, அவ்வளவே. தேவை குறையாதவரை, உயர்ந்த விலையே புதிய விற்பனையாளர்களை இழுத்து வரும். கிடைத்த அவகாசத்தில் அடிமையானோரைச் சிகிச்சைக்குள் கொண்டுவராவிட்டால், சந்தை மீண்டும் நிமிர்ந்துவிடும்.

ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல, இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து இல்லை. உளவியல் சிகிச்சைகளே கைகொடுக்கின்றன. அவற்றுள் சிறந்த பலன் தருவது ஊக்குவிப்பு முறை: சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையெனத் தெரியும்போதெல்லாம் சிறு பரிசுக் கூப்பன் வழங்குவது. தவறு செய்தவருக்குப் பரிசா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். மனச்சிதைவுக்கும் சிறைவாசத்திற்கும் குடும்பமும் அரசும் செலுத்தும் விலையோடு ஒப்பிட்டால், அந்தக் கூப்பன் மிகமிக மலிவு.

இனி, என் மாணவரின் கேள்விக்கு வருகிறேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்டவர், அரசின் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அக்குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் அந்த விலக்கு பறிக்கப்படலாம். மெத்தாம்பெட்டமைனுக்குச் 'சிறிய அளவு' என்பது 2 கிராம். மேலும், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தந்துள்ளது. போதைப் பழக்கத்தால் விளையும் மனநிலைப் பாதிப்புகளும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன.

முனைவர் பட்டம் பெற்ற எனக்கே, அவர் கேட்ட பிறகு தேடித்தான் இவை தெரியவந்தன. 'போதைக்கு எதிரான உறுதிமொழி' எடுக்கவைக்கும் கல்லூரிகள், அதே மேடையில் இவ்விரு சட்டங்களையும், 14446 என்ற தேசிய உதவி எண்ணையும் சொல்லட்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளுக்கு, பறிமுதலுக்கு நாம் காட்டும் அக்கறையில் பாதியேனும் கிடைக்கட்டும். என் மாணவர் மகனுடன் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டார். அதே அச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் மற்ற வீடுகளுக்கு யார் போய்ச் சொல்வது?