வரி ரசீது வீட்டுப் பத்திரமாகுமா?



கோர்படியில் வசிக்கும் ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபடியால் அதைத் தவிர்க்கிறோம். அவர்களுடைய கணவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரயில்வேயில் வேலை பார்த்தவர். 1999-இல் ஊர் நிலத்தை விற்ற பணத்தையும் சேமிப்பையும் சேர்த்து, இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டை வாங்கினார். விற்றவர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் முத்திரை வாங்கிக் கொடுத்தார். அன்றுமுதல் ஒரு வருடமும் தவறாமல் வீட்டுவரி கட்டியிருக்கிறார்கள். அத்தனை ரசீதுகளும் ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

கணவர் மரித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விற்றவரும் இப்போது உயிரோடில்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட ஒரு பில்டர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, விற்றவரின் குமாரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். "வீடு எங்கள் தகப்பனார் பெயரில்தான் இருக்கிறது" என்கிறார்களாம். "இருபது வருடத்திற்கும் மேலாக வரி கட்டிய ரசீது என் கையில் இருக்கிறதே, அது போதாதா?" என்று சகோதரி கேட்கிறார்கள்.

மனதுக்கு வருத்தமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். போதாது. ஆனால் அந்த ரசீதுகள் பயனற்றவையும் அல்ல. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறியாதபடியால் நம்மவர்களில் அநேகர் வருடக்கணக்காக நிம்மதியாயிருந்து, திடீரென்று ஒருநாள் கலங்கிப்போகிறார்கள்.

மாநகராட்சி வரிப் பதிவேட்டை வைத்திருப்பது யார் உரிமையாளர் என்று தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல, யாரிடம் வரி வசூலிப்பது என்று அறிவதற்காகவே. மராத்தியில் 'மிளகத் கர்' என்று நாம் கேட்கும் இந்த வரி, வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பைக் கணக்கிட்டு அதன்மேல் போடப்படுகிறது. மகாராஷ்டிராவின் வரிப் பதிவேடுகளில் 'மாலக்' என்றும் 'போக்வட்டாதார்' என்றும் இரண்டு சொற்கள் வரும். முன்னது உரிமையாளர், பின்னது அனுபவிப்பவர். உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று எப்போதாவது பார்த்ததுண்டா? இந்தச் சகோதரி அனுப்பிய நகலில் மாலக் என்ற இடத்தில் விற்றவரின் பெயரும், போக்வட்டாதார் என்ற இடத்தில் கணவரின் பெயரும் இருக்கின்றன. மராத்தி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தும் இத்தனை வருடம் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

மாலக் என்ற இடத்திலேயே பெயர் இருந்தாலுங்கூட அதனால் மட்டும் உரிமை வந்துவிடாது. பதிவேட்டில் பெயர் மாறுவது வரி வசூலுக்காக மாத்திரமே, அது உரிமையை உண்டாக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-லும் 2021-லும் வெவ்வேறு வழக்குகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இன்னும் ஒன்றைக் கேளுங்கள். அனுமதியில்லாமல் கட்டிய வீட்டுக்கும் மாநகராட்சி வரி போடும். மகாராஷ்டிரா மாநகராட்சிகள் சட்டத்தின் 267-ஏ பிரிவு, அப்படிப்பட்ட கட்டடத்துக்கு வரியைப்போல் இரண்டு மடங்கு தண்டமும் விதிக்க இடங்கொடுக்கிறது. ஜனங்கள் 'சாஸ்தி கர்' என்பது இதைத்தான். அதைக் கட்டிவிட்டதனால் கட்டடம் முறைப்படி ஆகிவிடாது என்றும் அதே பிரிவு சொல்லுகிறது. "கவர்மென்ட்டே வரி வாங்குகிறதே" என்கிற வாதம் இங்கே நிற்காது.

அப்படியானால் உரிமையைக் கொடுப்பது எது? பதிவு செய்யப்பட்ட விற்பனைப் பத்திரம். 100 ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள எந்த வீட்டையும் நிலத்தையும் பதிவான பத்திரத்தின் மூலமாக மட்டுமே விற்க முடியும் என்று சொத்து மாற்றுச் சட்டமும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் சொல்லுகின்றன. நோட்டரி செய்வது, கையெழுத்திட்டவர் தன் முன்னால் வந்தார் என்று சாட்சி வைப்பது மாத்திரமே. அது பதிவு அல்ல. 'குல்முக்த்யார் பத்ர' எனப்படும் பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து வீடு வாங்குவதும் இப்படியே. அதனால் உரிமை மாறாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எரேமியா தீர்க்கதரிசி அனாதோத்திலுள்ள நிலத்தை வாங்கிய விவரம் நமக்குத் தெரியும். பட்டணம் முற்றிக்கை போடப்பட்டிருந்தது, அவரோ காவலில் இருந்தார். அப்படியிருந்தும் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்ட பத்திரம் ஒன்றும் திறந்த பத்திரம் ஒன்றுமாக இரண்டு செய்து, மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். உறவினரிடம்தானே வாங்குகிறோம் என்று வாய்ச்சொல்லோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நம் ஜனங்களோ ஒரே ஊர்க்காரர், ஒரே சபை என்ற நம்பிக்கையில் பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள்.

கோர்படியைப் பொறுத்தவரை இதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. வீடு நிற்கிற நிலம் யாருடையது? இப்பகுதியில் ஒரு பாகம் புனே மாநகராட்சியின் எல்லைக்குள்ளும் ஒரு பாகம் கன்டோன்மென்ட் எல்லைக்குள்ளும் இருக்கிறது. இரயில்வே நிலமும் இராணுவ நிலமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒரு தெருவைக் கடந்தால் அலுவலகமே மாறிவிடும். தமிழ்நாட்டில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துப் பழகிய நாம் இங்கே அவற்றைத் தேடினால் கிடைக்காது. சிட்டி சர்வே ஆன இடத்துக்கு 'மிளகத் பத்ரிகா' என்னும் பிராப்பர்டி கார்டு உண்டு. மற்ற நிலத்துக்குத் தலாட்டி வைத்திருக்கும் 'சாத்-பாரா' உதாரா. கன்டோன்மென்ட் நிலத்துக்கு, பாதுகாப்புத் துறையின் எஸ்டேட் அதிகாரி வைத்திருக்கும் பொது நிலப் பதிவேடு. பத்திரம் பதிவானதற்கு அடையாளம், சப்-ரிஜிஸ்திரார் அலுவலகம் தரும் 'இண்டெக்ஸ்-2'. நிலம் இரயில்வேக்கோ இராணுவத்துக்கோ உரியது என்று இவற்றில் தெரிந்தால், விற்றவருக்கே விற்கும் உரிமை இருந்திருக்காது. பிறகு எத்தனை முத்திரைத்தாள் இருந்தும் என்ன?

இனி சகோதரிக்கு. முதலாவது, பில்டர் தரப்பிலிருந்தோ அந்தக் குமாரர்களிடமிருந்தோ எந்தக் காகிதம் வந்தாலும் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதிருங்கள். நிலம் தனியார் நிலந்தானா என்று மேலே சொன்ன பதிவேடுகளில் பாருங்கள். தனியார் நிலமானால், 1999-ஆம் ஆண்டின் காகிதத்தை இன்று கொண்டுபோய்ப் பதிவு செய்ய முடியாது. எழுதிய 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே புதிதாக ஒரு விற்பனைப் பத்திரம் எழுதி, விற்றவரின் வாரிசுகள் எல்லாரும், குமாரத்திகள் இருந்தால் அவர்களும், கையெழுத்திட வேண்டும். முத்திரைத் தீர்வை இன்றைய அரசு மதிப்பின்படி வரும். பாரமான தொகைதான். ஆனாலும் சமாதானமாக முடியுமானால் இதுவே நல்ல வழி.

அவர்கள் மறுத்தால், அந்தப் பழைய காகிதத்துக்கு ஒரு பலன் இருக்கிறது. விற்பதாக எழுதிக் கையெழுத்திட்டு, பணத்தைப் பெற்றுக்கொண்டு, வீட்டையும் ஒப்படைத்துவிட்டவர் திரும்பவந்து வெளியேற்ற முடியாதபடி சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஏ பிரிவு தடுக்கிறது. அவருடைய வாரிசுகளையும் அது தடுக்கும். 2001 செப்டம்பர் 24 முதல் இந்தப் பாதுகாப்புக்கும் பதிவு அவசியமாகிவிட்டது. உங்கள் காகிதமோ அதற்கு முந்தியது. முத்திரைத் தீர்வை குறைவாக இருந்தால் குறைந்த தொகையையும் அதற்குரிய தண்டத்தையும் கட்டிச் சரிசெய்துகொண்ட பின்பே நீதிமன்றம் அதைப் பார்க்கும். இந்த இடத்தில்தான் தகரப் பெட்டியிலுள்ள ரசீதுகள் உதவுகின்றன. அத்தனை வருடமும் வீடு உங்கள் வசத்தில் இருந்தது என்பதற்கு அவை நல்ல சாட்சி. ஒன்றையும் தொலைக்காதிருங்கள்.

இந்தப் பிரிவு உங்களை வெளியேற்றாமல் காக்குமே அல்லாமல் உரிமையாளராக்காது. பத்திரம் எழுதித் தரும்படி சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டும். ஒப்பந்தத்தில் தேதி குறிக்கப்படாவிட்டால், மறுப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே அவகாசம். அந்தக் குமாரர்கள் வாசலில் வந்து மறுத்துப் பேசிய தேதியை இன்றே எழுதிவையுங்கள். "ஜெபித்துக்கொண்டிருக்கிறோம், பார்ப்போம்" என்று கடிதத்தின் முடிவில் எழுதியிருக்கிறீர்கள். ஜெபியுங்கள். இந்த மாதத்திலேயே வழக்கறிஞரையும் பாருங்கள்.

வழக்கோ பத்திரமோ, உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் நடக்காது. கணவர் உயில் எழுதாமல் மரித்திருந்தால், கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மணமாகிப் போன மகளும் இதில் சேர்த்தி. "அவளுக்குத்தான் நகை போட்டாயிற்றே" என்பதைச் சட்டம் கேட்காது. தமிழ்நாட்டில் தாசில்தார் தருகிற வாரிசுச் சான்றை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். மகாராஷ்டிராவில் 1827-ஆம் ஆண்டின் பம்பாய் ஒழுங்குமுறை ஒன்றின்கீழ் சிவில் நீதிமன்றமே அதை வழங்குகிறது.

மற்ற வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை. பத்திரம் பதிவானதும் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதிருங்கள். 3 மாதத்துக்குள் மாநகராட்சிக்கு அறிவித்து வரிப் பதிவேட்டில் பெயரை மாற்ற வேண்டும். உரிமையாளர் மரித்தால் வாரிசுகளுக்கு ஒரு வருடம் அவகாசம். விற்றவர்களும் கவனியுங்கள். அறிவிக்காவிட்டால் பாக்கி வரியை உங்களிடமே கேட்பார்கள். புனேயில் நிலுவைக்கு மாதம் 2 விழுக்காடு தண்டம் ஏறும்.

சொந்த வீட்டில் தாமே குடியிருப்பவர்களுக்குப் புனே மாநகராட்சி 1970 முதல் தந்துவந்த 40 விழுக்காடு சலுகை இடையில் நிறுத்தப்பட்டு, 2023-இல் மாநில அமைச்சரவை முடிவினால் திரும்ப வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பின் புதிதாக வரிவிதிக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் பிடி-3 என்னும் விண்ணப்பத்தோடு, தாங்களே குடியிருப்பதற்கான ஆதாரங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் பில்லில் அந்தச் சலுகை கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வார்டு அலுவலகத்தின் வரிப் பிரிவில் பில்லைக் காட்டிக் கேளுங்கள்.

சொசைட்டி வீடுகளில் கன்வேயன்ஸ் ஆகாத நிலத்தைக் குறித்து வானவடியிலிருந்து இருவர் கேட்டிருக்கிறார்கள். இடமில்லாமையால் அதை அடுத்த இதழில் எழுதுகிறோம்.