விலானுக்கு இரங்கற்பா பாட வேண்டாம்

‘ஓவர்லே வந்தாயிற்று, இனி விலான் எதற்கு?’ என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. நெட்வொர்க்கைப் பிரித்துக் காட்டும் விலான் எண்ணுக்கு இருப்பது 12 பிட், பயன்படுத்தத்தக்கவை 4094தான். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஏற்றும் தரவு மையத்துக்கு அது போதாது. 2014இல் ஆர்எஃப்சி 7348ஆக வெளிவந்த விஎக்ஸ்லான், அதாவது பௌதிக நெட்வொர்க்கின் மேல் மெய்நிகர் நெட்வொர்க்கை ஓட்டும் ஓவர்லே முறை, 24 பிட் தந்து, எண்ணிக்கையை ஒரு கோடியே 67 லட்சத்துக்கு உயர்த்தியது. இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ‘விலான் ஒழிந்தது’ என்பவர்கள் ஓப்பன் விசுவிட்ச் ஏஜென்ட் ஓடும் ஓப்பன்ஸ்டாக் கிளவுட் சர்வர் ஒன்றைத் திறந்து பார்க்கட்டும். அந்த மென்பொருள் சுவிட்சின் உள் பாலம் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு விலான் எண்ணைத்தான் ஒட்டுகிறது. டனல் பாலம் அதை விஎக்ஸ்லான் எண்ணாக மாற்றுகிறது. ஒரே நெட்வொர்க் இந்த சர்வரில் 3, பக்கத்து சர்வரில் 7 என்று இருக்கலாம். ஒழியவில்லை, ஊரளவு அதிகாரம் வீட்டளவுக்குச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவே.

‘அது மென்பொருளின் உள்விவகாரம்’ என்பார்கள். சரி, வெளியே வருவோம். மெய்நிகராக்கப்படாத டேட்டாபேஸ் சர்வரும் பழைய ஃபயர்வாலும் இன்றும் பெரும்பாலும் விலான் வழியாகவே இணைகின்றன. ஓவர்லேயிலிருந்து அவற்றை எட்ட ஒரு கேட்வே வேண்டும். அடியில் உள்ள பௌதிக நெட்வொர்க்கையும் மறக்க முடியாது: விஎக்ஸ்லான் உறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 50 பைட் கூட்டுகிறது, உறையிட்ட பாக்கெட்டைத் துண்டாக்க டனல் முனைக்கு அனுமதியும் இல்லை. அந்த நெட்வொர்க்கின் எம்டியூவை (பாக்கெட்டின் உச்ச அளவை) 1500இலேயே விட்டுவைத்தால் பிங் போகும், பெரிய ஃபைல் நின்றுவிடும். அந்தக் கோளாறை ஓவர்லே திரையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அது கீழே சுவிட்ச் போர்ட்டில் இருக்கிறது.