‘ஆமா’ போட்டா மட்டும் போதுமா?

நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு டீக்கடை. காலேஜ் பையன் ஒருத்தன் செல்போனில் ராப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். பெஞ்சில் இருந்த பெரியவர் என் பக்கம் திரும்பினார். “என்ன அண்ணாச்சி, ராப்பு ராப்புன்னு கெடந்து குதிக்கானுவ! நம்ம வில்லுப்பாட்டுல இல்லாததா? எல்லாம் நம்மகிட்ட களவாண்டதுதான்!”

சுற்றி நின்ற நாலு பேரும் ‘ஆமா’ போட்டார்கள். வில்லுப்பாட்டில் குடத்துக்காரரும் தாளக்காரரும் போடுவார்களே, அதே ஆமா. எனக்கு மட்டும் வாய் வரவில்லை.

முதலில் அந்தக் களவு சமாசாரம். சுத்தப் பொய். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, 1973 ஆகஸ்ட் 11. ஸ்கூல் திறக்கிற சமயம், தங்கச்சிக்குப் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும். அண்ணனும் தங்கையும் சேர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹாலில் ஒரு பார்ட்டி நடத்தினார்கள். பெண்களுக்கு 25 சென்ட் டிக்கெட், ஆண்களுக்கு 50. அண்ணன் பேர் கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பம். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, வெறும் டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தை மாற்றி மாற்றி ஓட்டினார். ஹிப்ஹாப்புக்கு அதுதான் பிறந்தநாள் என்கிறார்கள். அந்த ஹாலுக்கு நம்மூர்ப் புலவர் யாரும் வில்லைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

ஆனால் அந்த பார்ட்டிக்கு முன்னால் நடந்த ஒன்றுதான் நம்மூருக்கு முக்கியம்.

பிராங்ஸ் அன்றைக்கு எரிந்துகொண்டிருந்த ஊர். நடுவீட்டைப் பிளந்து எக்ஸ்பிரஸ் ரோடு போட்டார்கள். வாடகை வராத கட்டடங்களை இன்ஷூரன்ஸ் பணத்துக்காகச் சொந்தக்காரர்களே கொளுத்தினார்கள். நான் பி.காம். படித்தவன். நஷ்டத்தை லாபமாக மாற்றிக் காட்டும் கணக்குகள் எனக்குத் தெரியும். இவ்வளவு கேவலமான கணக்கை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை.

பையன்கள் தெருவுக்கு ஒரு கோஷ்டி. சட்டை முதுகில் கோஷ்டியின் பேர். தெரு மாறிப் போனால் அடி, குத்து. 1971 டிசம்பரில், சண்டையை விலக்கிவிடப் போன ‘பிளாக் பெஞ்சி’ என்ற இளைஞனை அடித்தே கொன்றுவிட்டார்கள். அவன் கோஷ்டியின் பேர் கெட்டோ பிரதர்ஸ். பழிக்குப் பழி என்று கிளம்பியிருந்தால் ஊரே சுடுகாடாகியிருக்கும். அவர்களோ எதிர்கோஷ்டிகளையெல்லாம் ஒரே இடத்துக்குக் கூப்பிட்டு சமாதானம் பேசினார்கள். அதற்கப்புறம்தான் ஒரு தெருப் பையன் இன்னொரு தெருவுக்குப் பாட்டு கேட்கப் போக முடிந்தது. கத்தியில் இருந்த போட்டி ஆட்டத்துக்கும் வாய்க்கும் மைக்குக்கும் மாறியது. 1982-ல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் ‘தி மெசேஜ்’ வந்தது. தங்கள் தெருவின் நாற்றத்தையும் பயத்தையும் அப்படியே சொன்ன பாட்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002-ல் அதைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் சேர்த்தது.

பிற்பாடு தங்கச் சங்கிலி, துப்பாக்கி, பெண்களை இழிவாகப் பேசுவது என்று ஹிப்ஹாப்பும் நிறையக் கெட்டது. மறுக்கவில்லை. ஆனால் முதல்பக்க வரவு அதுவல்ல.

சரி, நம்ம வில்லுக்கு வருவோம். நம்மிடம் சரக்கு இல்லையா? இருக்கிறது, அதுவும் தாமிரபரணி இறங்கி வருகிற மலையிலேயே. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னதிக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்களா? அவன்தான் வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன். பிராமணப் பையன். செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பினான். “பூணூலையும் குடுமியையும் எடு, செருப்புத் தைத்துக் காட்டு” என்றார் மாமனார். எடுத்தான், தைத்தான், கட்டினான். மாமனாரின் மாடுகளை ஓட்டிப்போன திருடர்களோடு சண்டையிட்டுச் செத்தான். செத்தவனை ஊர் சாமியாக்கியது. சாதியை விட்டவனின் கதையைக் கொடை மேடையில், விடிய விடிய, உடுக்கை அடித்துப் பாடினார்கள் அய்யா!

அப்புறம் என்ன ஆச்சு? அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள்தான், காட்டில் கிடந்ததை எடுத்து வளர்த்தார்கள் என்று பின்னால் வந்தவர்கள் கதையைத் திருத்திவிட்டார்கள். அந்தத் திருத்தல் வேலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் நா. வானமாமலை. அவர் பிறந்த ஊர் நாங்குநேரி.

நாங்குநேரி என்றால் இன்றைக்கு உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதிக்கொரு கலரில் கட்டும் கயிற்றுக்குத் தடை போடச் சொல்லி 2024-ல் அறிக்கை கொடுத்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு ஐ.டி. இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி தாண்டிய காதல்தான் காரணம் என்பது வழக்கு.

பிராங்ஸ் பையன்களுக்கு முதுகில் கோஷ்டிப் பேர். நம்ம பையன்களுக்கு மணிக்கட்டில் கலர் கயிறு. அவர்கள் அதைத் தாண்டப் பாட்டைப் பயன்படுத்தினார்கள். நாம்? கல்யாண வீட்டு ஸ்பீக்கரிலும் பஸ்ஸிலும் ‘ஆண்ட பரம்பரை’ பாட்டு போட்டுக் கயிற்றை இன்னும் இறுக்குகிறோம். அதிலும் ராப் மெட்டு வந்தாச்சு. கொடை விழாவில் வில்லுக்காரருக்குச் சடங்குக்கு ஒரு மூலை, ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பெரிய மேடை. மிச்ச நாளில் அதே வில்லை அரசாங்க விழிப்புணர்வுப் பிரசாரத்துக்குக் கூப்பிடுகிறோம். இந்த லட்சணத்தில் ‘நம்மகிட்ட களவாண்டது’ என்று பெருமை வேறு!

தமிழில் நேர்மையான ராப் இல்லாமல் இல்லை. மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-ல் ‘வல்லவன்’ ஆல்பத்தோடு வந்தார்கள். 2018-ல் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் சேர்த்து சாதியை நேருக்கு நேர் கேட்டது. அதில் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் கதையை 2021-ல் ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் உலகத்துக்கே கேட்க வைத்தார். வேகமாகப் பேசியதற்காகவா கேட்டார்கள்? வேகம்தான் ராப் என்றால் ஏலக்கடைக்காரர்தான் பெரிய ராப்பர்!

கொடை கமிட்டிக்காரர்களுக்கு இரண்டே கோரிக்கை. ஒன்று, முத்துப்பட்டன் கதையைத் திருத்தாமல் பாடச் சொல்லுங்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற மகள்களாகவே இருக்கட்டும். இரண்டு, ஆர்க்கெஸ்ட்ரா நேரத்தில் அரைமணி நேரத்தை மேலத்தெரு, கீழத்தெரு இரண்டு பக்கத்துப் பையன்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். ராப்போ வில்லோ, அவர்கள் இஷ்டம். கயிற்றைக் கழற்றிவிட்டு மேடை ஏற வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த ராத்திரி வாங்க அண்ணாச்சி. முதல் வரிசையில் உட்கார்ந்து, தொண்டை கிழிய நானும் ‘ஆமா’ போடுதேன்.