தொழிற்கல்வியின் பயனை அளக்கும் கோல்

முன்னுரை

தொழிற்கல்வி கற்றோர் எத்தனை பேர் என்னும் வினாவிற்கு நம் நாட்டில் எளிதில் விடை கிடைக்கும். கற்றோர் வாழ்வு பின்னர் என்னவாயிற்று என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகிறது. முன்னதன் விடையைப் பின்னதற்கும் விடையாகக் காட்டும் போக்குப் பிழையானது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எண்ணிக்கை பயனாகாது

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணாக்கருள் 10 விழுக்காட்டினரை 1990க்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995க்குள்ளும் தொழிற்பிரிவில் சேர்க்க இலக்கு வகுத்தது. அவ்விலக்கு எட்டப்படவில்லை. 2020ஆம் ஆண்டுக் கொள்கையோ, 19 முதல் 24 அகவையினரான இந்தியத் தொழிலாளருள் முறைசார் தொழிற்கல்வி பெற்றோர் 5 விழுக்காட்டிற்கும் குறைவு என்றது. ஜெர்மனியின் 75, தென்கொரியாவின் 96 ஆகிய விழுக்காடுகளோடு அதனை ஒப்பிட்டு, 2025க்குள் குறைந்தது 50 விழுக்காட்டு மாணாக்கர்க்கேனும் தொழிற்கல்வி அறிமுகமாக வேண்டும் என்றது. இலக்கெண் மாறியது, அளவுகோல் மாறவில்லை. விதைத்த நெல்லின் அளவையே விளைச்சலாகக் கணக்கெழுதும் உழவர் உண்டோ?

ஒப்பீட்டுப் பிழை

மதிப்பெண் குறைந்தோரையே தொழிற்பிரிவிற்கு அனுப்பிவிட்டு, பின்னர்ப் பொதுப்பிரிவினரோடு அவர்களை ஒப்பிட்டுத் தொழிற்கல்வி பயனற்றது என்பது நேர்மையன்று. படிப்பை முடித்து வேலை பெற்றோரை மட்டும் எண்ணி, அது வெற்றி பெற்றது என்பதும் அத்தகையதே. அமெரிக்காவின் எம்.டி.ஆர்.சி. நிறுவனம் 1993இல் தொடங்கிய ஆய்வு இப்பிழையைத் தவிர்த்தது. பள்ளிகளுக்குள் இயங்கிய தொழில்சார் பிரிவுகளில் சேர விண்ணப்பித்தோரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாக்கி அது பின்தொடர்ந்தது. பள்ளிப்படிப்பு முடிந்து எட்டாண்டுகள் வரை, இடம் பெற்ற குழுவினரின் ஆண்டு வருவாய் சராசரியாக 11 விழுக்காடு மிகுந்திருந்தது. ஆயினும் கல்வித் தகுதியில் இரு குழுவினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஒரே கல்வி ஒரு கோலால் அளந்தால் வெற்றியாகவும், மற்றொரு கோலால் அளந்தால் பயனற்றதாகவும் தோன்றுகிறது. அப்பிரிவுகள் பொதுப்பாடங்களைக் கைவிடாமல் அவற்றோடு தொழிலை இணைத்தவை என்பதும் நோக்கத்தக்கது.

காலம் காட்டும் உண்மை

எரிக் ஹனுஷெக் முதலியோர் 2017இல் வெளியிட்ட 11 நாடுகளைப் பற்றிய ஆய்வு வேறொன்றையும் உணர்த்துகிறது. தொழிற்கல்வி பெற்றோர் இளமையில் எளிதில் வேலை பெறுகின்றனர். அகவை முதிர முதிர அவ்வேலைவாய்ப்பு மேன்மை தேய்ந்து, பொதுக்கல்வி பெற்றோர் முந்துகின்றனர். தொழில்பழகுநர் முறை வேரூன்றிய ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் இது மிகத் தெளிவாகப் புலப்பட்டது. நாம் முன்மாதிரியாகக் காட்டும் நாட்டிலேயே நிலை இதுவாயின், விழுக்காட்டை மட்டும் இரவல் பெறுவது எங்ஙனம் தகும்? கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் பாஸ்டர், மாணவர் விருப்பத்தை உருவாக்குவது பாடத்திட்டமன்று, தொழிற்சந்தை தரும் ஊதியமும் மதிப்புமே என 1965இலேயே நிறுவினார்.

வறிய குடும்பத்திற்கு முதல் மாத ஊதியமே பெரிது என்பர் சிலர். மெய்தான். ஆயின் அம்மாணவர் 45 அகவையை எய்தும்போதும் அக்குடும்பத்திற்கு ஊதியம் வேண்டுமன்றோ? இயந்திரம் மாறும் நாளில் புதியதைக் கற்கத் துணைநிற்பவை மொழியறிவும் கணக்கறிவும் ஆகும். தொழில் கற்பவர்க்கு மொழிப்பாடம் எதற்கு என்போர், அவர்தம் பிற்கால வாழ்வையே குறைத்து மதிப்பிடுகின்றனர்.

முடிவுரை

தொழிற்கல்வி வேண்டா என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. கற்றோரைப் பத்தாண்டுகளேனும் பின்தொடர்தல் வேண்டும். ஒத்த தகுதியுடையாரையே ஒப்பிடல் வேண்டும். வேலையோடு ஊதியம், பணி நிலைப்பு, மேற்கல்வி ஆகியவற்றையும் அளத்தல் வேண்டும். இவற்றைச் செய்யாத ஆய்வு சேர்க்கைப் பதிவேட்டின் படியே அன்றி ஆய்வாகாது. அப்பதிவேட்டை நம்பி ஒரு தலைமுறையின் பாடங்களைக் குறைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.