காற்றாலையால் கரிசல் நிலத்துக்கு லாபமா, நஷ்டமா?

பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2023-லும் தமிழக அரசு 2024-லும் வெளியிட்டன. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-ல் சோதனை முறையில் தொடங்கி, 1990-களில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, பல்லடம், உடுமலை என்று பரவிய காற்றாலைகளில் பல இப்போது ஆயுள் முடியும் கட்டத்தில் உள்ளன. 225, 250 கிலோவாட் திறன் கொண்ட அந்தச் சின்ன இயந்திரங்கள் நிற்கும் இடங்கள்தான் மாநிலத்திலேயே நல்ல காற்று வீசும் இடங்கள். அங்கே 2, 3 மெகாவாட் திறனுள்ள பெரிய இயந்திரங்கள் வரும்போது, பக்கத்துக் காட்டுக்காரரிடம் புதிதாக நிலமும் பாதையும் கேட்பார்கள். அப்படிக் கேட்டு ஆள் வருவதற்கு முன், காற்றாலையால் விவசாயிக்கு என்ன வந்தது, என்ன போனது என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

முதலில் மழை. "காற்றாடி மேகத்தைக் கலைத்துவிடுகிறது, அதனால்தான் மழை இல்லை" என்ற பேச்சைத் தென் மாவட்டங்களில் மண் மாதிரி எடுக்கப் போகிற இடமெல்லாம் கேட்கிறேன். இன்றைய பெரிய காற்றாலையில்கூட இறக்கையின் நுனி சுமார் 200 மீட்டர் உயரத்தைத்தான் தொடும். மழை மேகத்தின் அடிப்பகுதி பெரும்பாலும் அதைப் போலப் பல மடங்கு உயரத்தில் இருக்கிறது. மேலும், இங்கே காற்று வீசுவது வைகாசி முதல் புரட்டாசி வரை, தென்மேற்குப் பருவத்தில். கணவாய்களின் வழியே காற்று வரும். மழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்துவிடும். கோவில்பட்டி, கயத்தாறு, ராதாபுரம் எல்லாம் மழை மறைவுப் பகுதிகள். அவற்றுக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவக்காற்று. அப்போது காற்றாலைகள் பாதி நாள் சும்மாதான் நிற்கும். காற்றாலை வருவதற்கு முன்பும் இது வறண்ட பூமிதான்.

ஆனால், தரையை ஒட்டிய வெப்பநிலை மாறுவது உண்மை. இரவில் நிலத்தை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்றும் இருக்கும். இறக்கைகள் இரண்டையும் கலக்கிவிடுகின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2003 முதல் 2011 வரையிலான செயற்கைக்கோள் தகவல்களை ஆராய்ந்தவர்கள், காற்றாலைகள் பெருகிய இடங்களில் இரவு நேரத் தரை வெப்பம் சுற்றுப்புறத்தைவிடக் கூடியிருப்பதைக் கண்டார்கள். மக்காச்சோளம் விளையும் அயோவா மாநிலத்தில் பயிருக்கு நடுவிலேயே கருவிகளை வைத்து அளந்தார்கள். பகலில் பயிர் லேசாகக் குளிர்கிறது, இரவில் லேசாகச் சூடாகிறது. விளைச்சல் இதனால் கூடியது, குறைந்தது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நம் கரிசலில் காற்று பலமாக வீசும் மாதங்களில் நிலம் கோடை உழவு போட்டுக் காலியாகக் கிடக்கும். விதைப்பு தொடங்கும்போது காற்று அடங்கிவிடும். எனவே மானாவாரிப் பயிருக்கு இந்தப் பயம் வேண்டாம். உடுமலை, தேனி, தென்காசிப் பக்கம் ஆடியிலும் தோட்டப் பயிர் நிற்கும் இடங்களில் இதைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

நன்மையில் விவசாயத்தோடு நேரடியாகச் சேர்ந்தது தண்ணீர். நிலக்கரி அனல் மின் நிலையம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் நன்னீர் எடுக்கக் கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015-ல் வரம்பு விதித்தது. 2 மெகாவாட் காற்றாலை ஒன்று தன் முழுத் திறனில் கால் பங்கு ஓடினாலே ஆண்டுக்குச் சுமார் 44 லட்சம் யூனிட் கிடைக்கும். அதை மேட்டூர் போன்ற ஆற்று நீரை நம்பிய நிலையத்தில் தயாரித்தால், அந்த வரம்புப்படியே ஒன்றரைக் கோடி லிட்டர் வரை தண்ணீர் போகும். பத்து ஏக்கர் கம்புக்கு ஒரு போகத்துக்கு அது போதும். கடல் நீரை எடுக்கும் நிலையங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. காற்று நன்றாக வீசும் நாட்களில் தமிழகக் காற்றாலைகள் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் தந்திருக்கின்றன. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கொடுக்கும் மாநிலத்தில் இதைச் சின்ன விஷயமாகத் தள்ளிவிட முடியாது.

சரி, நஷ்டம் எங்கே? என் பார்வையில் அது தரையில்தான் இருக்கிறது. ஒரு மெகாவாட் காற்றாலைக்கு நிரந்தரமாகப் போகும் நிலம் சராசரியாக முக்கால் ஏக்கர் என்றும், கட்டுமானக் காலத்தில் மட்டும் மிதிபடும் நிலம் சுமார் ஒன்றே முக்கால் ஏக்கர் என்றும் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2009-ல் கணக்கிட்டது. கோபுரம் பிடிக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் லாரியும் கிரேனும் மிதிக்கின்றன. பேச்சுவார்த்தையில் முக்கால் ஏக்கருக்குத்தான் விலை பேசப்படும். மிதிபடும் நிலத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இதில் பருவக் கோளாறும் சேர்கிறது. பலத்த காற்றில் இறக்கையைத் தூக்கி மாட்ட முடியாது. அதனால் நிறுவும் வேலையைக் காற்றில்லாத மாதங்களில், அதாவது ஐப்பசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளத்தான் ஒப்பந்ததாரர்கள் விரும்புவார்கள். கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்பது அப்போதுதான். மண் ஈரமாக இருப்பதும் அப்போதுதான். காய்ந்த கரிசல் பாரத்தைத் தாங்கும். ஈரக் கரிசலில் கனரக வண்டி ஏறினால் உழவு ஆழத்துக்குக் கீழே மண் இறுகிப் பலகை மாதிரி ஆகிவிடும். வேரும் இறங்காது, மழை நீரும் இறங்காது. வழக்கமான கலப்பை அந்த ஆழத்துக்கு எட்டாததால் பல ஆண்டுகளுக்கு அது அப்படியே கிடக்கும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாக உழுது, எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இட்டால் நிலைமை சீராகும். அந்தச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். வேலையைப் பங்குனி, சித்திரையில் முடித்துக்கொள்ளச் சொன்னால் பாதித் தொல்லை வராமலே போகும். அறுவடை முடிந்திருக்கும், பெருங்காற்று தொடங்கியிருக்காது.

அடுத்தது பாதை. பெரிய இறக்கையை ஏற்றிவரும் வண்டி திரும்ப அகலமான சரளைச் சாலை வேண்டும். சாலையை நிலமட்டத்துக்கு மேல் உயர்த்திப் போட்டால், மழை நீர் ஓடிவரும் சரிவை அது கரை மாதிரி மறித்துவிடும். ஒரு பக்கம் பயிர் தண்ணீரில் நின்று அழுகும். மறுபக்கம் குளத்துக்கு வரத்து நிற்கும். மானாவாரிக் கிராமத்தில் ஓடை ஓர் அடி திசை மாறினாலும் ஊர்க் குளம் பாதிக்கப்படும். ஒரு காற்றாலை என்றால் தெரியாது. ஐம்பது காற்றாலைகளுக்கும் சாலை போட்ட பிறகுதான் தெரியும். தனித்தனியாக விலை பேசும் பட்டாதாரர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஊராட்சிதான் நீர்வழி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கெங்கே குழாய்ப் பாலம் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று, பயிரை வேட்டையாடும் பூச்சிகளோடு தொடர்புடையது. காற்றாலைகளில் வௌவால்கள் அடிபடுவது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. பூச்சி தின்னும் வௌவால் நமக்குக் கூலி கேட்காத வேலையாள். காற்று மெல்ல வீசும் இரவுகளில் இறக்கையை நிறுத்திவைத்தால் சாவு பாதிக்கும் கீழே குறைகிறது என்று வட அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள். மின் இழப்பும் சொற்பம்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் பத்திரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் விவசாயி பெரும்பாலும் நிலத்தை விற்பதில்லை. குத்தகைக்கு விடுகிறார், கோபுரத்தைச் சுற்றிப் பயிரிட்டுக்கொண்டே ஆண்டுதோறும் வாடகை வாங்குகிறார். டென்மார்க்கில் 2009 முதல் பல ஆண்டுகள், புதிய காற்றாலையில் குறைந்தது 20 சதவீதப் பங்கை அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்று சட்டமே இருந்தது. இங்கே நாம் பெரும்பாலும் ஒரே தடவையாகக் கிரையம் எழுதிக் கொடுத்துவிட்டோம். மானாவாரிப் புஞ்சைக்கு அன்று கிடைத்த விலை பெரிதாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கும் கடனுக்கும் அது போய்விட்டது. காற்று மட்டும் வருஷாவருஷம் வீசி, வேறொருவருக்கு வருமானம் தந்துகொண்டிருக்கிறது. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருஷம் மழை பொய்த்தவரிடம் ரொக்கத்தைக் காட்டினால் வேறென்ன செய்வார்?

இந்த முறை கேட்டு வந்தால் குத்தகையே பேசுங்கள். கோபுரத்துக்கு, பாதைக்கு, மின்கம்பி போகும் தடத்துக்கு எனத் தனித்தனியே வாடகை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயர்வு, பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். அடித்தளம் தோண்டும்போது மேல் மண்ணைத் தனியாகக் குவித்து, வேலை முடிந்ததும் மேலேயே பரப்பச் சொல்லுங்கள். அடி மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் மேலே வந்துவிட்டால் அந்த இடத்தில் பல போகத்துக்குப் பயிர் தேறாது. கையெழுத்துப் போடும் நாளில் யாருக்கும் நினைவு வராத ஒரு விதியும் வேண்டும். பெரிய காற்றாலையின் அடித்தளத்தில் சில நூறு கன மீட்டர் கான்கிரீட் இருக்கும். ஆயுள் முடிந்த பிறகு நிறுவனம் அதைக் குறைந்தது நான்கு அடி ஆழம் வரை உடைத்து எடுத்து, மண் நிரப்பித் தர வேண்டும். அதற்கான பணத்தை இப்போதே வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மூன்று, நான்கு அடி என்பது வழக்கமான நிபந்தனைதான். கேட்டால் கொடுக்க முடியாத ஒன்று அல்ல.