வேலை ஒன்றும் இல்லை, வீட்டிலதான்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாவிட்டால் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் உள்ள பெண்களுக்கும் வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

போன வருடம் நம் குடும்பத்து மாமி ஒருவரைக் கை விறைப்புக்காக ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தோம். இரண்டு வருடமாக இருந்த வருத்தம். டொக்டர் முதலில் கேட்டது, “உம்மா, நீங்க என்ன வேலை செய்றீங்க?” என்றுதான். மாமி வாய் திறக்கும் முன்பே நாம் முந்திக்கொண்டு பதில் சொன்னோம்: “வேலை ஒன்றும் இல்லை டொக்டர், வீட்டிலதான்.”

டொக்டர் நம் பக்கம் திரும்பவே இல்லை. மாமியின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிப் பள்ளமாகக் கிடந்தது. “விடிய எத்தனை மணிக்கு எழும்புவீங்க?” என்று கேட்டார். மூன்று மணிக்கு. “எழும்பி என்ன செய்வீங்க?” அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்கு 200 இடியப்பம். மா குழைக்க வேண்டும், உரலைப் பிழிய வேண்டும், தட்டுத் தட்டாக அவிக்க வேண்டும். பிறகு வீட்டுச் சமையலுக்குத் தேங்காய் திருவுவது. ஆறு பேருடைய உடுப்பைக் கையால் கசக்கிப் பிழிந்து காயப் போடுவது. பின்னேரம் மகளின் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது.

மாமி சொல்லி முடிக்கும் வரை நாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வகுப்பில் பிள்ளைகளுக்கு உழைப்பைப் பற்றிப் பாடம் எடுக்கும் நாம், அந்த இடியப்பத்தைத் தின்று வளர்ந்த நாம், அதை ஒரு வேலை என்று எண்ணியதே இல்லை.

1700ஆம் ஆண்டில் இத்தாலியில் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்ற வைத்தியர் தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும் எழுத்தர்களுக்குக் கை சோர்ந்து போவதையும் அதன் பிந்திய பதிப்பில் எழுதியிருக்கிறார். நோயாளியிடம் மற்ற வைத்தியர்கள் கேட்கும் கேள்விகளோடு “உன் தொழில் என்ன?” என்ற கேள்வியையும் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். கேள்வி 300 வருடத்துக்கு மேல் பழையது. அதற்கு நம்மூர்ப் பெண்களிடமிருந்து நேரான பதில் வர நாம்தான் விடுவதில்லை.

மாமிக்கு வந்தது என்ன என்று பார்ப்போம். மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. அவை ஒரு வாய்க்கால் மாதிரி வளைந்து நிற்க, மேலே ஒரு கெட்டியான நார்ப்பட்டை கூரை மாதிரி மூடியிருக்கிறது. அந்த ஒடுங்கிய வழியால் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. திரும்பத் திரும்ப இறுக்கிப் பிடித்து, பிழிந்து, முறுக்கி வேலை செய்யும்போது உள்ளே வீக்கம் வரலாம். எலும்பும் விலகாது, பட்டையும் விலகாது. நெரிபடுவது நரம்புதான். இதைக் கார்ப்பல் டனல் என்கிறார்கள்.

இதற்கு அடையாளங்கள் உண்டு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று இந்தப் பக்கம் விறைக்கும். சின்னவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். இரவில்தான் கூடும். நித்திரையில் எழும்பிக் கையை உதறினால் கொஞ்சம் சுகமாக இருக்கும். நாள் போகப் போகப் பிடி தளர்ந்து, கையில் உள்ள கோப்பை தானாக விழும். நம் வீடுகளில் அப்போது என்ன சொல்கிறோம்? “கவனயீனம்” என்கிறோம்.

வேலை மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. சீனி வருத்தம், தைரொயிட் குறைபாடு, உடற்பருமன், கர்ப்பகாலம் எல்லாம் இதற்கு வழி திறந்து விடும். ஆண்களை விடப் பெண்களுக்கே கூட வரும். சீனியோடு இருக்கும் ஒரு உம்மா விடிய மூன்று மணிக்கு இடியப்ப உரலும் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆனால் மணிக்கட்டு நோவு எல்லாம் ஒரே நோவு இல்லை. நாம் எல்லாவற்றுக்கும் “வாதம்” என்று ஒரே பெயர் வைத்து, ஒரே எண்ணெயைத் தடவுவதுதான் பிழை. பெயர் மாறினால் மருந்தும் மாறும்.

பிள்ளை பெற்று ஒன்றிரண்டு மாதத்தில், பெருவிரல் பக்கம் மணிக்கட்டில் குத்துகிறது என்று சொல்லும் தங்கச்சிமார் இருக்கிறார்கள். பிள்ளையை அக்குளில் கை கொடுத்து, பெருவிரலை விரித்துத் தூக்கித் தூக்கி அந்தப் பக்கத் தசைநாண்களின் உறை வீங்கிவிடுகிறது. 1895இல் இதை விளக்கி எழுதிய சுவிஸ் நாட்டு சத்திரசிகிச்சை நிபுணர் டி கெர்வைனின் பெயர்தான் இந்த வருத்தத்துக்கும். போனைப் பிடித்துப் பெருவிரலாலேயே தட்டிக்கொண்டிருப்பதும் இந்த நோவைக் கூட்டும். பிள்ளையைக் கீழிருந்து இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தித் தூக்குவது, பெருவிரலை அசையாமல் வைக்கும் பட்டி போடுவது, தேவைப்பட்டால் டொக்டர் போடும் ஒரு ஊசி, இவற்றால் பெரும்பாலும் சுகம் வரும். “பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அந்தப் பிள்ளையின் வாயை அடைக்க வேண்டாம்.

விழுந்து வரும் நோவு வேறு. நம்மிடம் படித்த மாணவன் ஒருவன் விளையாட்டுப் போட்டிப் பயிற்சியில் கையை ஊன்றி விழுந்தான். வீக்கம் பெரிதாக இல்லை. “சுளுக்குத்தான்” என்று எண்ணெய் போட்டு உருவிக் கட்டினார்கள். ஆறு மாதம் கழித்தும் கையை ஊன்ற முடியவில்லை. படம் எடுத்தபோது பெருவிரல் அடியில் இருக்கும் ஸ்கபொயிட் என்ற சின்ன எலும்பு உடைந்து, பொருந்தாமலே கிடந்தது. தோணி போன்றது என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். அந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்க நுனியால்தான் பெரும்பாலும் உள்ளே வருகிறது. நடுவில் உடைந்தால் மறுபக்கத் துண்டு பட்டினி கிடந்து செத்துப் போகலாம். முதல் எக்ஸ்ரேயில் இந்த உடைவு தெரியாமலும் போகும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் டொக்டர்மார் கையை அசையாமல் கட்டிவிட்டு, 10 முதல் 14 நாளில் திரும்பப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். “முதல் படத்தில் ஒன்றும் இல்லை” என்று சொல்லிக் கட்டை அவிழ்த்து எறிய வேண்டாம். அந்த மாணவனுக்குக் கடைசியில் ஒப்பரேஷன்தான் நடந்தது. தொடக்கத்திலேயே பிளாஸ்டர் போட்டிருந்தால் அதுவே போதுமாக இருந்திருக்கலாம்.

வயதான உம்மாமார் வுழூச் செய்யும் இடத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தால், மணிக்கட்டுக்கு மேலே எலும்பு உடைந்து கை முள்ளுக்கரண்டி மாதிரி வளைந்து நிற்கும். இதை டப்ளின் நகரத்து ஆப்ரஹாம் கொலிஸ் 1814இலேயே விவரித்து எழுதிவிட்டார். இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சின்ன விழுகைக்கே எலும்பு உடைந்தால் எலும்பு தேய்ந்திருக்கலாம். கையைச் சரிப்படுத்துவதோடு நிறுத்தாமல் எலும்பின் பலத்தைப் பற்றியும் டொக்டரிடம் கேட்க வேண்டும். அடுத்த விழுகை இடுப்பை உடைக்கலாம்.

காலையில் எழும்பும்போது இரண்டு கை மூட்டுகளும் வீங்கி, ஒரு மணித்தியாலம் வரை இறுகிக் கிடந்தால் அது மூட்டுவாத நோயாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து. பிந்தினால் மூட்டே கோணிப் போகும். மணிக்கட்டின் மேல் வழுவழுப்பான கட்டி வந்தால் அது பெரும்பாலும் நீர்க்கட்டி. அதைப் புத்தகத்தால் அடித்து உடைக்கும் பழக்கம் வெளிநாடுகளிலும் இருந்தது. அடிக்க வேண்டாம், காட்டுங்கள்.

முறிவு நெரிவு வைத்தியர்களை நாம் குறைத்துப் பேச வரவில்லை. நம் ஊர்களில் எத்தனையோ கைகால்களைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவர்கள். நாம் கேட்பது வரிசை மட்டும்தான். விழுந்த கைக்கு முதலில் எக்ஸ்ரே, பிறகு மற்றது. உடைந்த எலும்பை உருவக் கூடாது. ஓதிப் பாருங்கள், துஆக் கேளுங்கள், அதோடு டொக்டரிடமும் காட்டுங்கள். கொர்தோபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி எழுதிய 30 பாகங்கள் கொண்ட மருத்துவ நூலின் கடைசிப் பாகம் சத்திரசிகிச்சையைப் பற்றியது. எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் அதில் தனிப் பகுதியே உண்டு. மருத்துவத்தை நாடுவது நமக்குப் புதிதான காரியம் அல்ல.

நாம் பயப்படுவது இன்னொன்றுக்கு. பாமசியில் “கை உளைவுக்குக் குளிசை தாங்க” என்று வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவது. அந்த நோக் குளிசைகளில் பல வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சீனியும் பிரஷரும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. குளிசை நோவை மறைக்கும், நெரிபடும் நரம்பை விடுவிக்காது.

மாமி அப்படித்தான் இரண்டு வருடம் மறைத்தார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டி, வேலையில் மாற்றம், தேவைப்பட்டால் ஒரு ஸ்டெரொயிட் ஊசி என்ற அளவில் முடிந்திருக்கலாம். (சீனி உள்ளவர்களுக்கு அந்த ஊசியால் சில நாள் சீனி ஏறும். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.) சதை வற்றிய பிறகு ஒப்பரேஷன்தான் வழி என்றார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து, அந்த நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் விடும் சின்ன ஒப்பரேஷன். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டோம். இரவு விறைப்பு நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வற்றிய சதை முழுதாகத் திரும்பவில்லை. பேரப்பிள்ளையின் சேட்டுப் பொத்தானை இன்றைக்கும் மாமியால் பூட்ட முடியாது. அந்த இரண்டு வருடத்துக்கு நாம் கொடுத்த விலை அது.

“ஓய்வு எடுக்கச் சொன்னால் அடுப்பை யார் பார்ப்பது? காசு யார் தருவது?” என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. மருதமுனையில் தறியில் இருப்பவருக்கும், பன்பாய் இழைக்கும் தாய்க்கும், தையல் மெஷினில் இருக்கும் ராத்தாவுக்கும், கரைவலை இழுக்கும் காக்காவுக்கும் கைதான் முதல். அந்த முதல் அழிந்தால் பிறகு காசு எங்கிருந்து வரும்? வேலையை விடச் சொல்லவில்லை. இடையிடையே கையை ஆற விடுவது, வேலையைப் பங்கு போடுவது, நோவு தொடங்கிய மாதமே காட்டுவது, இதுதான் கேட்கிறோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டக் காசு தேவையில்லை. ஒரு காலை நேரமும், கூட வர ஒரு ஆளும்தான் தேவை.

அந்த ஆள் நாம்தான். உடுப்புப் பிழிவதும் தேங்காய் திருவுவதும் ஆண்பிள்ளையின் கைக்கு முடியாத வேலைகள் அல்ல. முன்வாசலுக்கு டைல்ஸும் பெரிய கேற்றும் போடக் காசு தேடும் நாம், வோஷிங் மெஷின் என்றதும் “அது ஆடம்பரம்” என்கிறோம். யாருடைய கைக்கு ஆடம்பரம் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

விழுந்து கை வளைந்து போனாலோ, விரல்கள் குளிர்ந்து நிறம் மாறினாலோ, காய்ச்சலோடு மணிக்கட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி, இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் நோவையும், நித்திரையைக் கெடுக்கும் விறைப்பையும், சுஜூதிலிருந்து கையை ஊன்றி எழும்ப முடியாத நிலையையும் “பலயீனம்” என்று சொல்லித் தள்ளிவிட வேண்டாம்.

இன்றிரவு வீட்டில் உங்கள் உம்மாவிடம், மனைவியிடம், ராத்தாவிடம் கேளுங்கள்: “இரவில் கை விறைக்குதா?” பிறகு கிளினிக்கில் டொக்டர் வேலையைப் பற்றிக் கேட்டால் நாம் முந்திக்கொள்ள வேண்டாம். அவர்களே சொல்லட்டும். அது நீண்ட பட்டியல். நாமும் நின்று கேட்போம்.

அல்லாஹ் நம் எல்லோருடைய கைகளுக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.